கற்றுக்கொள்ளும் கைக்குக் காவல் யார்?

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் நடந்திருக்கும். சிசேரியன், குடலிறக்கம், மூட்டு மாற்றம் என்று ஏதோ ஒன்று. கத்தி பிடித்த டாக்டரின் பெயரைக் கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவீர்கள். சரி, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்தாரே, அந்த டாக்டரின் பெயர்?

யோசிக்கிறீர்கள், இல்லையா? வெட்கப்பட வேண்டாம். நானும் அப்படித்தான் இருந்தேன், மூன்று வருஷத்துக்கு முன்னால் என் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழும் வரை.

அம்மாவுக்கு அப்போது வயது 79. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. போதாக்குறைக்கு இருபது வருஷமாக வீசிங் தொந்தரவு வேறு. "முழு மயக்கம் கொடுக்கிறதைவிட முதுகுல ஊசி போட்டுச் செய்யறதுதான் இவங்களுக்குச் சரியா வரும்" என்றார்கள். சேர்த்திருந்தது ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். அதாவது, மாணவர்கள் படிக்கிற இடம்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் ஓர் இளம் பெண் டாக்டர் வந்தார். பார்த்தால் என் மகள் வயசுதான் இருக்கும். மயக்க மருந்துப் பிரிவில் பி.ஜி. இரண்டாம் வருடம் படிக்கிறாராம். அம்மாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். முதுகெலும்பை விரலால் தடவி ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், நாளைக்கு அம்மாவுக்கு முதுகு ஊசி போடப் போறது நான்தான். எங்க மேடம் பக்கத்துலயே இருப்பாங்க."

"இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் போட்டிருக்கீங்க?"

"முப்பத்தொரு பேருக்கு சார். ஆனா இடுப்பு முறிஞ்ச வயசானவங்களுக்கு இது நாலாவது."

உண்மையைச் சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. என் அம்மாவை வைத்தா பழக வேண்டும் என்று ஒரு கோபம். "உங்க மேடமே போட்டுடட்டும்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. "சரிங்க சார், சொல்லிடறேன்" என்று கிளம்பினார்.

கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏல, நீ மட்டும் வயித்துக்குள்ள இருக்கும்போதே வைத்தியம் படிச்சிட்டா வந்தே? யாரோ நாலு பேரு கையைக் கொடுத்து நாடி பார்க்க விட்டதாலதான் நீ இன்னைக்கு டாக்டரு. அந்தப் புள்ளயே போடட்டும்."

நான் வாயடைத்துப் போனேன்.

சித்த வைத்தியருக்கு இங்கே என்ன வேலை?

இப்படி ஒரு கேள்வி உங்களுக்கு வரலாம். நியாயமான கேள்விதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊசியை நான் தொட்டதில்லை; தொடவும் கூடாது. அதற்கென்று படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. நான் படித்தது பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில். வைத்தியம் பார்க்க ஆரம்பித்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. என்னிடம் வரும் இளம் சித்த டாக்டர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லியும் கொடுக்கிறேன். ஆகவே இரண்டு உரிமைகளில் இதை எழுதுகிறேன். ஒன்று, நோயாளியின் மகன். இன்னொன்று, கையால் செய்யும் வைத்தியத்தைக் கற்றுக்கொடுப்பவன்.

கையால் செய்யும் எந்த வைத்தியமும் புத்தகத்தில் வராது. படிக்கிற காலத்தில் லீவு நாட்களில் கன்னியாகுமரிப் பக்கம் ஒரு வர்ம ஆசானிடம் போய் வந்தேன். வர்மத்தில் அழுத்தத்துக்குக் கணக்கு உண்டு. கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால் மாத்திரை, ஒரு மாத்திரை என்பார்கள். கேட்க எளிது. விரலுக்கு அது எப்படித் தெரியும்?

முதல் ஆறு மாதம் ஆசான் என்னை நோயாளியைத் தொடவே விடவில்லை. தன் முன்கையை நீட்டுவார். "அழுத்து" என்பார். அழுத்துவேன். "நான் கேட்டது கால். நீ கொடுத்தது அரை. மறுபடியும்" என்பார். அவர் கை சிவந்துவிடும். அதற்குப் பிறகுதான் நோயாளி. அப்போதும் என் விரலின் மேல் அவர் விரல் இருக்கும். ஒரு நாள் வேலை முடிந்து நிமிர்ந்து பார்த்தால் அவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். விரலை எப்போது எடுத்தார் என்று எனக்கே தெரியாது. அதுதான் அவர் கொடுத்த பாஸ் மார்க்!

கண்ணுக்குத் தெரியாத வேலை

இப்போது அந்த முதுகு ஊசியைப் பாருங்கள். டாக்டர்கள் 'ஸ்பைனல்' என்று சொல்வது அதைத்தான். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்பு அளவில் முடிந்துவிடும். அதற்குக் கீழே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள் மட்டும்தான். ஆகவே ஊசி அதற்கும் கீழே போக வேண்டும். இடம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் கையால் தொட்டு, மனதுக்குள் ஒரு கோடு போட்டால், அது ஏறக்குறைய நாலாவது முள்ளெலும்பு பக்கம் போகும். அங்கே இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கும் சின்னச் சந்தில் ஊசியை ஏற்ற வேண்டும்.

தோல், கொழுப்பு, தசைநார்கள், கடைசியாக ஒரு மெல்லிய உறை என்று ஒவ்வொன்றையும் தாண்டும்போது விரலில் ஒவ்வொரு மாதிரி தெரியும். அந்த உறையைத் தாண்டும்போது லேசாக ஒரு 'டக்'. பளிங்கு மாதிரி நீர் ஒரு சொட்டு வந்தால் சரியான இடம். மருந்து இரண்டு மூன்று மில்லிதான். சில நிமிஷத்தில் கால்கள் மரத்துவிடும்.

'எபிடியூரல்' என்பது அந்த உறைக்கு வெளியிலேயே நிற்க வேண்டிய ஊசி. சுகப் பிரசவ வலிக்குக் கொடுக்கிறார்களே, அது. ஊசியோடு இணைத்த சிரிஞ்சைத் தள்ளிக்கொண்டே போவார்கள். தள்ள முடியாமல் எதிர்த்துக்கொண்டிருந்த சிரிஞ்சு திடீரென்று எதிர்ப்பில்லாமல் இறங்கும். அங்கேயே நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு சில மில்லிமீட்டர் போனால் உறையில் ஓட்டை. பிறகு நாலைந்து நாள் மண்டையைப் பிளக்கும் தலைவலி.

மூன்றாவது வகை 'நெர்வ் பிளாக்'. கை ஒன்றையோ கால் ஒன்றையோ மட்டும் மரக்க வைப்பது. இதற்கு இப்போது அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் உதவுகிறது. ஒரு கையில் ஸ்கேன் கருவி, மறு கையில் ஊசி, கண் திரையில். மூன்றும் ஒத்துப் போகப் பழக வேண்டும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. நோயாளி விழித்திருப்பார். எல்லாம் காதில் விழும். "ஐயோ, அங்கே இல்லை!" என்று ஆசிரியர் கத்தினால் நோயாளியின் கதி என்ன? பாட்டு வாத்தியார் மாதிரி தாளம் தவறும் இடத்தில் தட்டிச் சொல்ல முடியாது. மெல்லிய வார்த்தையில், சில சமயம் ஒரு சின்னத் தொடுதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். கற்பதைவிடக் கற்றுக்கொடுப்பது கஷ்டம் என்பது இதனால்தான்.

தன் முதுகைக் கொடுத்த டாக்டர்

இந்த வைத்தியம் பிறந்த கதையே சுவாரசியமானது. 1898-ல் ஜெர்மனியில் கீல் நகரத்தில் ஆகஸ்ட் பியர் என்ற சர்ஜன் முதன்முதலாகத் திட்டமிட்டு முதுகில் மருந்து செலுத்தி ஆபரேஷன் செய்தார். அப்போது கொக்கெயின்தான் மரக்க வைக்கும் மருந்து. நோயாளிகளுக்குப் பிறகு தலைவலியும் வாந்தியும் வந்தன. ஏன் என்று தெரிந்துகொள்ள பியர் ஒரு முடிவு செய்தார். "என் முதுகிலேயே போடு" என்று தன் உதவியாளர் ஹில்டெப்ரான்ட்டிடம் சொல்லிவிட்டார்.

என்ன ஆயிற்று தெரியுமா? ஊசியும் சிரிஞ்சும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை! மருந்து சிந்தியது. முதுகுத்தண்டு நீரும் வீணாக வழிந்தது. பிறகு பியர் உதவியாளருக்குப் போட்டார். அது பலித்தது. கால் எலும்பில் இரும்புச் சுத்தியலால் தட்டியும் ஹில்டெப்ரான்ட்டுக்கு வலிக்கவில்லையாம். ஆனால் அடுத்த சில நாள் இரண்டு பேருக்கும் தலைவலிதான். பியரால் பல நாள் படுத்தே கிடக்க வேண்டியிருந்தது.

வேடிக்கையாகத் தோன்றினாலும் இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. புதிதாகப் பழகும் கைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை அன்று டாக்டர்கள் தங்கள் உடம்பிலேயே கொடுத்தார்கள். இன்று அதை நோயாளி தலையில் கட்டுவது எந்த விதத்தில் நியாயம்?

எத்தனை ஊசிக்குப் பிறகு கை பழகும்?

இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாகப் பயிலும் டாக்டர்களுக்குப் பத்துக்கு ஒன்பது தடவை சரியாக அமைய ஸ்பைனல் என்றால் சுமார் 45, எபிடியூரல் என்றால் சுமார் 60 தேவைப்பட்டது. 1998-ல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஆய்வில் சுமார் 90 எபிடியூரல் போட்ட பிறகும் பத்துக்கு எட்டு என்ற அளவில்தான் வெற்றி. ஆளுக்கு ஆள் வித்தியாசம் வேறு. சிலருக்குக் கை சீக்கிரம் பழகிவிடும், சிலருக்கு நாளாகும்.

அப்படியானால் அந்த 45-க்குள் வரும் நோயாளிகள் யார்? உங்கள் அம்மா. என் அம்மா. உங்கள் மகள். வேறு யார் வருவார்கள்?

"எங்களுக்கு வேண்டாம், சீனியரே போடட்டும்" என்று ஒவ்வொரு குடும்பமும் சொன்னால், இன்னும் பத்து வருஷத்தில் சீனியர் என்று சொல்லிக்கொள்ள ஆளே இருக்காது. "வந்தவர் யாராக இருந்தால் என்ன, போடட்டும்" என்று விட்டுவிட்டாலும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு கசப்பான சம்பவம்.

ஆறு குத்து, ஐந்து நாள்

என் தங்கை மகளுக்குத் தலைப்பிரசவம். சில வருஷங்களுக்கு முன்னால். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பதெல்லாம் வேண்டாம். சிசேரியன் என்று முடிவாகி முதுகில் ஊசி போட வந்தவர் பயிற்சியில் இருந்த டாக்டர். சொல்லிக்கொடுக்க வேண்டியவர் பக்கத்துத் தியேட்டரில் வேறு கேஸில் மாட்டிக்கொண்டார். இவர் தனியாக ஆறு தடவை குத்தியிருக்கிறார். ஏழாவது தடவை அமைந்தது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணால் எழுந்து உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் தலை வெடிக்கிற மாதிரி வலி, படுத்தால் தேவலை. உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்க முடியாமல் அழுதாள். ஐந்து நாள் அப்படி. "ரெஸ்ட் எடுங்க, சரியாயிடும்" என்பதற்கு மேல் யாரும் காரணம் சொல்லவில்லை. அந்த வலிக்கு மாத்திரை, காபி, போதுமான நீர் ஆகாரம், தேவைப்பட்டால் நோயாளியின் ரத்தத்தையே சிறிது எடுத்து அந்த ஓட்டையை அடைக்கும் ஊசி என்று வைத்தியம் இருக்கிறது. கேட்டால்தானே தெரியும்?

எனக்கு அந்த இளம் டாக்டர்மேல் கோபமில்லை. அவர் மறுபடி வந்து பார்க்கவே இல்லை. அதாவது, தன் ஊசியால் தலைவலி வந்தது என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. தெரியாத தப்பை எப்படித் திருத்திக்கொள்வது? அன்றைக்கு ஒரு பெண்ணுக்கு ஐந்து நாள் வலி, ஒரு டாக்டருக்கு ஒரு பாடமும் இல்லை. இரண்டு பேருக்கும் நஷ்டம்.

இப்படி ஒரு சம்பவம் நடந்தால் போதும், தெருவே பேசும். "முதுகுல ஊசி போட்டா வாழ்நாள் பூரா முதுகுவலிதான்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அது சரியில்லை. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். ஆனால் நீண்ட நாள் முதுகுவலிக்கு இந்த ஊசிதான் காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்ப காலத்தில் இடுப்பு தாங்கிய பாரம், குனிந்து பால் கொடுப்பது, குழந்தையைத் தூக்குவது எல்லாம் சேர்ந்து வருகிற வலி அது. பிரிட்டனில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட முதுகு ஊசிகளைக் கணக்கில் எடுத்து 2009-ல் ஓர் அறிக்கை வந்தது. நிரந்தரமான பாதிப்பு 1 லட்சம் பேரில் இரண்டிலிருந்து நாலு பேருக்குத்தான். பயம் வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம்.

வாழைப்பழத்தில் ஆரம்பம்!

நடுவழி என்றேனே, அது இதுதான். நோயாளியின் முதுகு முதல் பாடமாக இருக்கக் கூடாது.

எபிடியூரல் ஊசி தோலைத் தாண்டி எதிர்ப்பு மறையும் உணர்வைப் பழக வாழைப்பழமே போதும் என்று 1989-லேயே ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். சிரிக்காதீர்கள், உண்மை! ஸ்கேன் பார்த்து ஊசி நகர்த்திப் பழக ஜெலட்டின் கட்டியிலும் இறைச்சித் துண்டிலும் பயிற்சி எடுக்கிறார்கள். மாணவர்கள் ஒருவர் கழுத்திலும் தொடையிலும் மற்றவர் ஊசி இல்லாமல் வெறும் ஸ்கேன் கருவியை வைத்து நரம்பைத் தேடிப் பழகுகிறார்கள். என் ஆசான் நீட்டிய முன்கை மாதிரி! பிறகு ரப்பர் முதுகு வைத்த பொம்மை. அதற்கும் பிறகுதான் நோயாளி, அதுவும் ஆசிரியர் அருகில் நிற்க.

ஊசி குத்தத் தெரிந்தால் மட்டும் போதாது. மருந்து தப்பித் தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் நாக்கு மரக்கும், காதில் ரீங்காரம் கேட்கும், சிலருக்கு வலிப்பே வரும், இதயமும் தடுமாறலாம். அதற்கு மாற்றாக 20 சதவீதக் கொழுப்புத் திரவம் ஒன்றைச் சிரை வழியே செலுத்துகிறார்கள். அது தியேட்டரில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவசரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியுமா? ஸ்பைனல் போட்டதும் ரத்த அழுத்தம் இறங்கும். உடனே கவனிக்க வேண்டும். வலது காலுக்குப் பதில் இடது காலில் ஊசி போட்டுவிடும் விபத்துகளும் நடந்திருக்கின்றன. அதற்காகத்தான் பிரிட்டனில் 2011-ல் 'ஊசி ஏற்றும் முன் ஒரு நொடி நில்' என்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள். பிரிட்டனில் இப்போது இன்னொன்றும் சொல்கிறார்கள். நூறு வகை நெர்வ் பிளாக்கை நாலு நிபுணர்கள் தெரிந்து வைத்திருப்பதைவிட, அடிக்கடி தேவைப்படும் ஏழு வகையை எல்லா மயக்க டாக்டர்களும் நன்றாகத் தெரிந்து வைத்திருப்பது மேல் என்கிறார்கள். எனக்கு அது ரொம்பச் சரியாகப் படுகிறது.

'முழு மயக்கம் கொடுத்தால் என்ன கெட்டுப் போயிற்று, எதற்கு இவ்வளவு பாடு' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இடுப்பு முறிந்த முதியவர்களை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 2021-ல் வந்தது. முதுகு ஊசி, முழு மயக்கம் இரண்டிலும் பலன் ஏறக்குறைய சமம் என்றுதான் சொன்னது. பொதுவாகப் பார்த்தால் சமம். ஆனால் வீசிங் உள்ள ஒரு பாட்டிக்கு ஒன்று பொருந்தும். ரத்தம் உறையாத மருந்து சாப்பிடும் ஒரு தாத்தாவுக்கு இன்னொன்று பொருந்தும். இரண்டும் நன்றாகக் கைவந்த டாக்டரால்தான் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியும். ஒன்றே தெரிந்தவர் எல்லோருக்கும் அந்த ஒன்றையே போடுவார்.

நம் நாட்டில் என்ன செய்ய வேண்டும்?

2019-ல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் இந்த ஊசிகளை மாணவர்கள் பார்த்து விவரிக்கத் தெரிய வேண்டும் என்று இருக்கிறது. நல்ல ஆரம்பம். செய்து பழகுவது பி.ஜி. படிப்பில்தான். இதற்கு நடுவே இன்னொரு தேவையும் வந்தது. கிராமத்துப் பக்கம் அவசர சிசேரியனுக்கு மயக்க டாக்டர் கிடைக்காமல் தாய்மார்கள் உயிருக்குப் போராடிய காலம் உண்டு. அதற்காக மத்திய அரசு எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு உயிர் காக்கும் மயக்க மருந்துப் பயிற்சி என்று 18 வாரப் பயிற்சி கொடுக்கும் திட்டம் கொண்டுவந்தது. அந்தத் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஊசி போட ஆளே இல்லாத ஊரில் பயிற்சி பெற்ற ஒரு கை இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் யோசித்துப் பாருங்கள். பயிற்சி முடிந்து அந்த டாக்டர் ஊருக்குப் போனதும் அவர் பக்கத்தில் யார்? பெரும்பாலும் யாருமில்லை. நள்ளிரவில் ஒரு சந்தேகம் வந்தால் போன் செய்து கேட்க ஒரு மூத்தவர், வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய மருத்துவமனைக்கு வந்து கையைப் புதுப்பித்துக்கொள்ள சில நாட்கள். இதையும் சேர்த்தால்தான் பயிற்சி முழுமை. என் ஆசான் விரலை எடுத்த பிறகும் இரண்டடி தள்ளி நின்றாரே, அந்த மாதிரி.

இன்னொன்று, கற்றுக்கொடுக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். "இன்னைக்குப் பன்னிரண்டு கேஸ், சீக்கிரம் முடி" என்று துரத்தினால் எந்த ஆசிரியர் நிதானமாகச் சொல்லிக்கொடுப்பார்? ஊசியைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த கேஸுக்குப் போவார். அல்லது மாணவரைத் தனியே விட்டுவிட்டுப் போவார். இரண்டிலும் பாடம் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

அரசும் கல்லூரிகளும் செய்வது ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கே உங்கள் வீட்டில் ஆபரேஷன் என்றால் இவற்றைக் கேளுங்கள். சண்டைக்காரர் மாதிரி கேட்க வேண்டாம். வீட்டுக்கு வந்தவரிடம் விசாரிக்கிற மாதிரி கேளுங்கள்.

"ஊசி போடப் போவது யார்? பயிற்சியில் இருக்கிறாரா?" ஆமாம் என்றால் பயப்படாதீர்கள். அடுத்த கேள்விதான் முக்கியம்.

"அவர் போடும்போது மூத்த டாக்டர் அதே அறையில் இருப்பாரா?" 'கூப்பிட்டால் வருவார்' என்பது பதில் ஆகாது. அறையிலேயே இருக்க வேண்டும்.

"எத்தனை தடவைக்குப் பிறகு மூத்தவர் ஊசியை வாங்கிக்கொள்வார்?" நல்ல ஆசிரியரிடம் இதற்குத் தயாராகப் பதில் இருக்கும்.

"ஆபரேஷன் முடிந்த மறுநாள் வந்து பார்ப்பாரா?" உட்கார்ந்தால் வரும் தலைவலி, கால் மரத்தது தெளியாமல் இருப்பது, சிறுநீர் வராமல் இருப்பது இருந்தால் யாரிடம் சொல்வது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகள் சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். எங்களைப் போன்ற சித்த வைத்தியரிடம் வாங்கிய சூரணமோ, லேகியமோ, கடையில் வாங்கிய பூண்டு மாத்திரையோ எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். "நாட்டு மருந்துதானே, அதைப் போய் இங்கிலீஷ் டாக்டர்கிட்ட சொல்லணுமா?" என்று நினைக்காதீர்கள். முதுகில் ஊசி ஏற்றும் இடத்தில் ரத்தக் கசிவு வந்தால் அது சாதாரண விஷயமில்லை. உங்களிடம் வைத்தியம் பார்த்தவன் என்ற முறையில் இதை நானே சொல்கிறேன்.

அம்மா சொன்ன கதை

என் அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். தியேட்டருக்குள் என்னை விடவில்லை. ஆனால் அம்மா விழித்திருந்தாரே! ஒன்று விடாமல் சொல்லிவிட்டார்.

வலியில் திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லையாம். அதனால் முதலில் தொடை இடுக்கில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்து ஒரு ஊசி. கொஞ்ச நேரத்தில் வலி அடங்கியது. பிறகு பக்கவாட்டில் திருப்பி முதுகில். "மொதல்ல எலும்புல இடிச்சுதுல. அந்தப் புள்ள உடனே நிறுத்திட்டா. அந்தப் பெரிய டாக்டரம்மா ஊசியைத் தொடவே இல்ல. 'கொஞ்சம் மேல பார்த்து'ன்னு மெதுவா ஒரே ஒரு வார்த்தை. அப்புறம் காலு ரெண்டும் கதகதன்னு சூடாச்சு. அதுக்கப்புறம் காலு இருக்கா இல்லையான்னே தெரியல."

பிறகு அந்த மேடத்தைச் சந்தித்து நன்றி சொன்னேன். "ரெண்டு தடவைதான் சார் கொடுப்பேன். அதுக்கு மேல ஊசி என் கைக்கு வந்துடும். இது அவளுக்கும் தெரியும்" என்றார்.

அந்த இளம் டாக்டர் மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். "தலைவலி இருக்கா பாட்டி? கால் விரலை ஆட்டுங்க பார்ப்போம்" என்று கேட்டு, கையிலிருந்த நோட்டில் குறித்துக்கொண்டார். அம்மாவோ, "நீ சாப்பிட்டியா தாயி?" என்றுதான் கேட்டார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "முதல் நாள் அப்படிச் சொன்னதைத் தப்பா எடுத்துக்காதம்மா" என்றேன். "பரவாயில்லை சார், நீங்க எத்தனைன்னு கேட்டது நல்லதுதான். யாரும் கேட்கிறதில்லை" என்று சிரித்தார்.

அம்மாவுக்கு இப்போது வயது 82. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். எலும்பைச் சேர்த்து வைத்த சர்ஜன் பெயர் அவருக்கு மறந்துவிட்டது. ஊசி போட்ட பெண்ணின் பெயர் மட்டும் மறக்கவில்லை. அடுத்த தடவை உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் நீங்களும் அந்தப் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, அவர் பக்கத்தில் நிற்கப் போகிறவரின் பெயரையும்.